மூன்று பின்னல் வெளிச்சம்

லுசாகா, கப்வாட்டா சந்தையின் பின்வரிசை.
ஆறு மணிக்கே மின்சாரம் போய்விட்டது.
பத்து மணிக்கு வரும் என்கிறது அட்டவணை.
அட்டவணை ஆயிரம் சொல்லும்.

நமாக்காவுவின் சலூனில்
கண்ணாடியைச் சுற்றி ஒட்டிய எல்இடி பட்டை
யுபிஎஸ் தயவில் எரிகிறது,
சற்று நேரம்.
பிறகு அணைகிறது.
மினுக்கவில்லை, மங்கவில்லை,
யாரோ எழுந்துபோய் சுவிட்சைத் தட்டியதுபோல.

நாற்காலியில் சிப்பேகோ,
பாதித் தலை பின்னி, பாதித் தலை விரிந்து.
விடியற்காலை நாலரைக்குக் கிட்வே பஸ்,
பத்து மணிக்கு நேர்காணல்.
"என்னில் எந்தப் பாதியை வேலைக்கு எடுப்பார்கள்?"
என்று இருட்டில் கேட்கிறாள்.

பக்கத்துக் கடையில் போன் பழுதுபார்க்கும் என்னை
சுவரைத் தட்டிக் கூப்பிட்டார்கள்.
மீட்டரும் சால்டரிங் அயர்னுமாகப் போனேன்.

முதலில் பேட்டரி.
எது நின்றாலும் அதன் மேல்தான் பழி விழும்.
மூடியைக் கழற்றி முள்ளை வைத்தேன்:
பன்னிரண்டு புள்ளி ஏழு.
குத்துக்கல்லாட்டம் இருந்தது.

பிறகு அடாப்டர். என் கடையிலிருந்து வேறொன்று.
எரிந்தது, நான் சிரித்தேன்.
அணைந்தது, நமாக்காவு சிரித்தாள்.

பிறகு கண்ணாடியின் மூலை.
பட்டையை வளைக்கத் தெரியாமல் வெட்டி,
கம்பியை முறுக்கி, செலோடேப் சுற்றியிருந்தார்கள்.
அதற்கு அப்பால் வெளிச்சம் சோகை பிடித்துக் கிடந்தது.
அகப்பட்டாயா என்று
அதே யுபிஎஸ்ஸில் அயர்னைச் செருகி
இரண்டு கம்பிக்கும் ஈயம் வைத்தேன்.
ஒரு தடவைகூட அணையவில்லை.
மூலைக்கு அந்தப் பக்கமும் முகம் தெளிந்தது.
இருபது குவாச்சா என்றேன்.
அயர்னைப் பிடுங்கி, ஆறவைத்து, ஒயரைச் சுருட்டி,
வாசல் வரை வந்திருப்பேன்.

அணைந்தது.

"மூன்று பின்னல்" என்றாள் நமாக்காவு.
"ஒவ்வொரு தடவையும் மூன்றுதான்.
நாலாவதைப் பிரிக்கும்போது போகிறது.
நீ ஈயம் வைத்தபோது மட்டும் ஐந்து போட்டேன்."

பழுதுக்கு எண்ணத் தெரியாது.
எண்ணிக்கொண்டு அணைவது பழுதில்லை,
தீர்மானம்.

ஏதோ அலுவலகத்துக் கணினிக்காகச் செய்த பெட்டி அது.
பதினைந்து வாட்டைப் பார்த்து
கணினியை மூடிவிட்டு ஆள் வீட்டுக்குப் போயாச்சு என்று
பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்து
பேட்டரியை மிச்சம் பிடிக்கிறது.
நல்ல எண்ணம்தான்.
ஆள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்,
அரைத் தலையோடு.

நான் விளக்கி முடித்ததும் நமாக்காவு சொன்னாள்:
"வாடகையில் ஐம்பது குறையுங்கள் என்று கேட்டேன்.
நான் வாய் திறந்ததே
அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை.
ஐந்நூறு கேட்டிருக்க வேண்டும்."

அயர்னை மறுபடி செருகி
ஓட்டின் மேல் வைத்தேன்.
எதையும் ஒட்டாமல், யாருக்கும் பயனில்லாமல்
நாற்பது வாட் சூடு.
வெளிச்சத்துக்குத் துணையாக வெட்டிச்செலவு.
இனி ஒரு மணி நேரம், கூடிப்போனால்.
இன்னும் இருபத்திரண்டு பின்னல்.
யாரும் பேசவில்லை.
விரல்கள் மட்டும் ஓடின.

பதினெட்டாவதில் பெட்டி கத்தத் தொடங்கியது.
பத்தொன்பதில் இருட்டு.
இந்த முறை அது தீர்மானமில்லை, தீர்ந்துபோனது.
என் போன் டார்ச்சை நீட்டிப் பிடித்தேன், கை கடுக்க.
கடைசி நாலும் சற்றுத் தடித்துவிட்டன.

அயர்ன் ஆறுவதற்குள்
நமாக்காவு செயற்கைமுடியின் நுனிகளை
ஒவ்வொன்றாக அதில் ஒத்தி எடுத்தாள்.
பிளாஸ்டிக் தீயும் வாசனை.
"உன் ஈயம் தலையில் ஒட்டினால்
இருபதும் கிடையாது" என்றாள்.

சிப்பேகோ தடித்த பின்னல்களைத் தடவிப் பார்த்து,
பஸ்ஸில் எந்தப் பக்கம் ஜன்னல் என்று கேட்டாள்.

மின்சாரம் வந்தபோது மணி பதினொன்று.
சலூனில் யாரும் இல்லை.
பூட்டிய கதவின் கீழ்
பட்டை வெளிச்சம் ஒரு கோடாக விழுந்திருந்தது,
அணைக்க மறந்து.